பேருந்து நிறுத்தத்தில் ரோஸ்லின்

காலையில் எழுந்ததும் ஈரத்துணியால் ஜன்னல் கட்டையைத் துடைப்பேன். துணி கறுப்பாகும். அலசிக் காயப்போடுவேன். பால் பாக்கெட்டைக் கத்தரித்து அடுப்பில் வைப்பேன். பல் துலக்குவேன். சோற்றில் மோர் ஊற்றி டப்பாவில் அடைப்பேன். சட்டையை உதறிப் போட்டுக்கொள்வேன். கதவைப் பூட்டி, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்ப்பேன். தெருமுனையில் இடப்பக்கம் திரும்பினால் பேருந்து நிறுத்தம். அங்கே என் மனைவி இருப்பாள்.

"இன்னாப்பா, சாப்ட்டியா?" என்பாள்.

தலையாட்டுவேன். பேருந்து வரும். ஏறிவிடுவேன். துறைமுகத்து கன்டெய்னர் யார்டில் எனக்கு வேலை.

ரோஸ்லின் இறந்து ஒரு வருடம் தாண்டிவிட்டது.

எங்கள் ஊர் புதுத்துறை. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் அனல்மின் நிலையம், நடுவில் நாங்கள். ரோஸ்லின் அந்த நிலையத்தின் நிலக்கரி யார்டில், எடை மேடையில் வேலை பார்த்தாள். லாரி வந்து நிற்கும். எடையைப் பதிவு செய்வாள். லாரி போகும். ஒப்பந்த வேலை. பி.காம். படித்தவள்.

இருமல் முதலில் மழைக்காலத்தில் மட்டும் வந்தது. பிறகு எல்லாக் காலத்திலும் வந்தது. பஞ்சு மாதிரி இருக்கவேண்டிய நுரையீரல் கெட்டிப்பட்டுவிட்டது என்றார் டாக்டர். காரணம் கேட்டேன். "எங்க வேலை பாக்குறாங்க?" என்றார். சொன்னேன். அவர் மருந்துச் சீட்டை எழுத ஆரம்பித்தார்.

அடக்கத்துக்கு மறுநாள் தெருக்காரர்கள் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டினார்கள். ஆஸ்பத்திரியில் பொது வார்டில் இருந்தபோது எடுத்த ஒரு போட்டோவைக் கொடுத்திருந்தேன். மற்ற போட்டோக்களில் அவள் தனியாக இல்லை. பிளெக்ஸ் கடைக்காரர் அவள் மூக்கில் இருந்த ஆக்சிஜன் குழாயை அழித்தார். நைட்டியை எடுத்துவிட்டுப் பட்டுச்சேலை போட்டார். முகத்தை வெளுப்பாக்கினார். கீழே இரண்டு புறா வைத்தார். எல்லோருக்கும் செய்வதுதான். 

அந்த பேனரைப் பார்த்துவிட்டுத்தான் நஸ்ரீன் வீட்டுக்கு வந்தார். என் வயதுதான் இருக்கும். நிலக்கரியையும் பெட்ரோலையும் ஒழிக்கச் சொல்லிப் பிரசாரம் செய்யும் அமைப்பு ஒன்றில் படங்கள் செய்பவர். செருப்பை வெளியே விட்டுவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தார்.

"சார், மூக்குக்குக் கீழ ஏதோ அழிச்சிருக்காங்க. என்ன இருந்தது?"

"குழாய்."

"அது எனக்கு வேணும். குழாயோட இருக்கிற முகம்."

"எதுக்கு?"

"இத்தனை வருஷமா நாங்க தப்பான படத்தைக் காட்டிட்டு இருந்தோம் சார். உருகுற பனி, பட்டினி கிடக்கிற கரடி, புகைபோக்கி. ஜனங்க பாத்தாங்க, உச்சுக் கொட்டினாங்க, வீட்டுக்குப் போய் ஏசியைப் போட்டுட்டுப் படுத்தாங்க. கரடிக்காக யாரும் பைக்கை விக்க மாட்டாங்க."

"மனுஷனுக்காக விப்பாங்களா?"

"தெரியாத மனுஷனுக்காக மாட்டாங்க. வீட்டு மனுஷனுக்காக விப்பாங்க."

பிறகு விளக்கினார். அதற்கு மாறுபடம் என்று பெயர். பேருந்து நிறுத்தத்தில் கேமரா வைத்த ஒரு மின்திரைப் பலகை நிற்கும். அது உங்களைப் பார்க்கும். உங்கள் கண் எங்கே நிற்கிறது, இமை எப்போது இறங்குகிறது, உதடு எப்போது இறுகுகிறது, எல்லாவற்றையும் பார்க்கும். நீங்கள் கண் சிமிட்டும் நேரத்தில் முகத்தைத் துளி மாற்றும். கன்னத்தைக் கொஞ்சம், வயதைக் கொஞ்சம். உங்களால் விட்டுப் போக முடியாத ஒரு முகம் வரும்வரை மாற்றும். குரலும் அப்படித்தான். பத்துப் பேர் சேர்ந்து நின்றால் பத்துப் பேருக்கும் தனித்தனி முகம், தனித்தனிப் பேச்சு. பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்காது.

"அப்ப ரோஸ்லின் எதுக்கு? சும்மா ஒரு முகத்தை வரைஞ்சுக்க வேண்டியதுதான?"

"சட்டம் விடாது. அடியில உண்மையான ஒருத்தர் இருக்கணும். இதனாலயே செத்தவரா இருக்கணும். வீட்டுக்காரங்க வருஷா வருஷம் சம்மதம் சொல்லணும்."

"அவ பேசாததெல்லாம் பேசுவாளா?"

நஸ்ரீன் கொஞ்சம் யோசித்தார். "பேசியிருக்கக்கூடியதைப் பேசுவாங்க."

எனக்கு அப்போது எதுவும் தோன்றவில்லை. சரி என்றேன். அவள் குரல் இருந்த எல்லாவற்றையும் கொடுத்தேன். வாட்ஸ்அப்பில் அனுப்பியவை, மச்சான் கல்யாண வீடியோ, குளிக்கும்போது பாடியது. எல்லாம்.

பிளெக்ஸ் கடைக்காரர் அழித்த குழாயை நஸ்ரீன் திரும்ப வைத்தார். பட்டுச்சேலையை எடுத்தார். ரோஸ்லின் பேருந்து நிறுத்தத்துக்கு வந்தாள்.

முதல் நாள் போய் நின்றேன். "அமலன், என்னால மூச்சு விட முடியலையே" என்றாள். அவள் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டப்பிங் படம் மாதிரி இருந்தது. நகர்ந்துவிட்டேன்.

ஊர் நகரவில்லை. புதுத்துறையில் ஒரு கூட்டத்துக்கு ஐம்பது பேரைச் சேர்ப்பதே கஷ்டம். இரண்டு மாதத்தில் பேருந்து நிறுத்தத்தில் கும்பல் கலையாமல் நின்றது. நின்றவர்கள் நேராக நடந்து போய் நஸ்ரீனின் மேசையில், நிலையத்தை மூடச் சொல்லும் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். நிலையத்தில் இன்ஜினியராக இருந்த ஒருவர் தன் மகனைப் பார்த்தாராம். மாற்றல் கேட்டுப் போய்விட்டார். ஆட்டோ ஓட்டும் சகாயம் பெட்ரோல் வண்டியை விற்றுவிட்டு பேட்டரி வண்டி வாங்கினான்.

"உன் பொண்டாட்டி எங்கிட்ட தினம் பேசுது தல," என்றான் சகாயம். "கோச்சுக்காத. எனக்குத் தங்கச்சி மாதிரிதான் வருது. தங்கச்சி மூஞ்சேதான். நேத்து இன்னா சொல்லுச்சு தெரியுமா?"

"சொல்லாத."

"சரி, சொல்லல." கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா அழுதுட்டேன் தல" என்றான்.

என் மாமியார் பிலோமினா பூசை முடிந்ததும் அங்கே வந்துவிடுவார். கோயில் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கேட்டு வாங்கிப் போட்டிருந்தார். அவருக்கு ரோஸ்லின் காய்ச்சலில் படுத்த எட்டு வயதுப் பிள்ளையாக வருவாள். அம்மா தண்ணி என்பாள். மாமியார் ஒரு பாட்டில் தண்ணீரைப் பலகைக்குக் கீழே வைப்பார். மறுநாள் பழைய பாட்டிலை எடுத்துவிட்டுப் புதியது வைப்பார்.

"பலகைம்மா அது," என்றேன் ஒருநாள்.

"தெரியும் மாப்ள. எனக்கு இன்னா புத்தி பிசகியா கெடக்குது? பலகைன்னு தெரிஞ்சுதான் வெக்கிறேன்."



எனக்குப் பேருந்து அங்கேதான் வரும். வேறு வழி இல்லை. தினமும் நின்றேன். அது தினமும் என்னைப் பார்த்தது. ஒருநாள் 'அமலன்' போய் 'ப்பா' வந்தது. நான் அசைந்திருக்க வேண்டும். மறுநாள் 'இன்னாப்பா' வந்தது. அவள் கூப்பிடுவது அப்படித்தான். இடது புருவத்தை ஏற்றினாள். அதுவும் அவள்தான். நான் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை. என் முகம் சொல்லிக் கொடுத்துக்கொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமையும் போக ஆரம்பித்தேன்.

பிறகு கருத்துக்கேட்புக் கூட்டம் வந்தது. நிலையத்துக்கு இன்னும் இருபது வருடம் அனுமதி கொடுக்கலாமா என்று ஊரைக் கேட்கும் கூட்டம். கல்யாண மண்டபத்தில் நடந்தது. ஒரு பக்கம் ஊர். மறுபக்கம் நிலையத்தின் ஒப்பந்தத் தொழிலாளர்கள். அவர்களில் முன்வரிசையில் மேகலா இருந்தாள். ரோஸ்லினோடு எடை மேடையில் மாறி மாறி ஷிஃப்ட் பார்த்தவள். நிலையம் மூடினால் அவளுக்கு வேலை இல்லை. என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். நானும் அசைத்தேன்.

நஸ்ரீன் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார். ரோஸ்லின் எங்கே வேலை பார்த்தாள், எப்போது இருமல் வந்தது, டாக்டர் என்ன கேட்டார் என்று சொன்னேன். ஒரு அரசு அதிகாரி எழுதிக்கொண்டார். நிலையத்தின் வக்கீல் எழுந்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

"உங்க இழப்புக்கு வருந்தறேன். ஒரே ஒரு கேள்வி. உங்க மனைவி உயிரோட இருந்தப்ப நிலையத்தைப் பத்தி ஒரு புகார் கொடுத்ததில்ல. ஒரு வார்த்தை குறை சொன்னதில்ல. சரிதானே?"

"புகார் கொடுத்ததில்ல."

"சாகறப்ப? கடைசியா உங்ககிட்ட ஏதாவது சொன்னாங்களா, நிலையத்தைப் பத்தி?"

நான் யோசிக்கவே இல்லை. வாயில் தயாராக இருந்தது.

"'இன்னாப்பா, அந்த ஜன்னல சாத்து. இந்தக் காத்து உனக்கும் வேணாம்'னு சொன்னா."

மண்டபத்தில் சத்தம் நின்றது. பின்னால் யாரோ ஒரு பெண் வாய்விட்டு அழுதாள். வக்கீல் உட்கார்ந்துவிட்டார். அதிகாரி பேனாவை வைத்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். மேகலா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாக அல்ல. அடையாளம் தெரியாத ஒருவனைப் பார்ப்பதுபோல.

மைக்கைக் கொடுத்துவிட்டு இறங்கும்போதுதான் நினைவு வந்தது. ரோஸ்லின் இருந்தது தீவிர சிகிச்சை வார்டு. அந்த வார்டுக்கு ஜன்னலே இல்லை.

வீட்டில் அவள் ஜன்னலைச் சாத்தச் சொன்னது உண்டு. சாம்பல் சோற்றில் விழும் என்று. ஆனால் நான் சொன்ன வார்த்தைகளைச் சொன்னது பலகை. அதையும் நான் பேருந்துக்கு நிற்கும்போது, கொஞ்சம் கொஞ்சமாக, என் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்து சொன்னது.

அப்படியானால் அவள் உண்மையில் கடைசியாக என்ன சொன்னாள்? பார்வையாளர் நேரத்தில் உள்ளே போனேன், கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன். அவள் ஏதோ சொன்னாள். அது வரை தெரிகிறது. வாய் அசைகிறது. குரல் பலகையின் குரலாக வருகிறது. வார்டுக்குள் போனை விடமாட்டார்கள். பதிவு எதுவும் இல்லை. மாமியார் அன்று வெளியே பெஞ்சில் இருந்தார். அங்கே நின்றது நான் ஒருவன்தான். என்னிடம் இல்லையென்றால் வேறெங்கும் இல்லை.

அனுமதி மறுக்கப்பட்டது. நிலையத்தை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. தெருவில் வெடி வெடித்தார்கள். சகாயம் என்னைத் தோளில் தூக்கப் பார்த்தான். நான் நஸ்ரீனிடம் போனேன்.

"நான் சொன்னது பொய்."

கேட்டார். குறுக்கிடாமல் முழுவதும் கேட்டார்.

"அவங்க செத்தது பொய்யா அமலன்?"

"இல்ல."

"அந்தக் கரித்தூள் பொய்யா? அந்த டாக்டர் கேட்டது பொய்யா?"

"இல்ல."

"அப்ப உண்மையைத்தான் சொல்லியிருக்கீங்க. வார்த்தைதான் வேற."

"எனக்கு அந்த வார்த்தை வேணும்."

"பலகைக்குள்ள அது இருக்காதுங்க," என்றார். குரல் இறங்கியிருந்தது. "அது உங்களுக்கு எது வலிக்குதோ அதைத்தான் தேடும். எது நடந்ததுங்கறதைத் தேடாது. நான் அப்படித்தான் செஞ்சேன் அதை. எங்க அப்பா போன பிறகு நானும் ஒரு பலகை முன்னாடி நின்னிருக்கேன். பேசிட்டு இருந்தேன். இப்ப எங்க அப்பா குரல் எப்படி இருக்கும்னு கேட்டா எனக்குத் தெரியாது."

"இதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா நீங்க சம்மதிச்சிருக்க மாட்டீங்க."

அவர் அதை மறைக்கவில்லை. அதனால் எனக்குக் கோபமும் வரவில்லை. அல்லது கோபம் எப்படி வரும் என்பது மறந்துபோயிருந்தது.

அந்த வருடச் சம்மதம் முடிந்திருந்தது. கடற்கரையோரம் இன்னும் ஆறு ஊர்களில் நிலக்கரி எரிகிறது. அங்கெல்லாம் ரோஸ்லினை நிறுத்த வேண்டும் என்றார் நஸ்ரீன். யோசித்துச் சொல்லுங்கள், கட்டாயம் இல்லை என்றார்.

மாமியாரிடம் சொன்னேன். பலகையை எடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன் என்றேன். அவர் அப்போதுதான் பாட்டிலைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஒரு தடவ அடக்கம் பண்ணேன் மாப்ள. இன்னொரு தடவ பண்ணச் சொல்றியா?"

"அது அவ இல்லம்மா."

"உனக்கு இல்ல. உனக்கு வேல கீது, பஸ்ஸு கீது. எனக்கு இன்னா கீது சொல்லு."

 அந்த ஆறு ஊர்களிலும் எடை மேடைகள் இருக்கும். அதில் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். அதையும் நினைத்தேன். நஸ்ரீனின் அலுவலகத்துக்குப் போய்ச் சம்மதம் சொன்னேன். கேமரா முன்னால் பேர் சொல்லி, உறவு சொல்லி, சம்மதம் என்று சொல்ல வேண்டும். சொன்னேன். நஸ்ரீன் டீ வாங்கிக் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

வீட்டு வாசலில் மேகலா நின்றிருந்தாள். நிலையத்தின் நீலச் சட்டை இல்லாமல் அவளை அன்றுதான் பார்த்தேன்.

"உள்ள வாங்க மேகலா."

"உக்கார வரலண்ணே. கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன். வேலை போச்சு, அது போகட்டும். எனக்கும்தான் இருமுது. மூடணும்னா மூடட்டும். ஆனா அன்னிக்கு மைக்கப் புடிச்சு எதுக்குண்ணே அப்படிப் பொய் சொன்னீங்க?"

"பொய்னு தெரியாம சொன்னேன்."

"பொண்டாட்டி கடைசியா பேசுனது தெரியாதா? நல்லா கீதே கதை."

"தெரியல மேகலா. அந்தப் பலகைய தினம் பாத்துப் பாத்து, எல்லாம் அதுவாயிடுச்சு. நீங்க பாக்குறதில்லையா?"

"ஒரு தடவகூடப் பாத்ததில்ல. கம்பெனி பஸ்சு அங்க திரும்பும்போது குனிஞ்சுக்குவேன். ஒரே டப்பாவுல கை வெச்சு சாப்ட்டவ. அவள அப்படி நடுரோட்டுல நிக்க வெச்சு என்னால பாக்க முடியாது." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு நிமிர்ந்தாள். "நெஜமாவே ஞாபகம் இல்லையா? எனக்குப் போன் பண்ணீங்களே."

"எப்ப?"

"அன்னிக்குத்தாண்ணே. சாயங்காலம். வார்டுல இருந்து வெளிய வந்து நேரா எனக்குத்தான் பண்ணீங்க. 'இப்பதான் ரோஸி சொன்னா, அவ சொன்ன மாதிரியே சொல்றேன் கேளுங்க'ன்னு ஆரம்பிச்சீங்க."

அந்தப் போன் எனக்கு நினைவில் இல்லை.

"சிரிச்சுக்கினே சொன்னீங்கண்ணே. ரெண்டு பேரும் சிரிச்சோம்."

மேகலா அதைச் சொன்னாள். சொல்லி முடித்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். டீ சாப்பிடுகிறீர்களா என்று நான் கேட்கக்கூட இல்லை.

கதவைச் சாத்தினேன். வார்டு வந்தது. ஜன்னல் இல்லாத சுவர். பச்சைத் திரை. நேரமாகிவிட்டது, கிளம்புங்கள் என்று நர்ஸ் கையைத் தட்டினார். ரோஸ்லின் முகத்து மாஸ்க்கைத் தானே கீழே இழுத்தாள். காற்றைப் பற்றிப் பேசவில்லை. யாரையும் குறை சொல்லவில்லை. பலகையில் இருப்பவளுக்குத் தான் சாகப்போவது தெரியும். இவளுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. குரல் கரகரவென்று, அவசரமாக, கடைக்குக் கிளம்புகிறவனை வாசலில் நிறுத்திச் சொல்வதுபோல வந்தது. பலகை ஒரு வருடமாக என் முகத்தில் தேடியும் அதற்குக் கிடைக்காத குரல்.

"மேகலாவுக்கு ஒரு போன் போட்டுடுப்பா. என் சேரை யாருக்கும் குடுத்துட வேணாம்னு சொல்லு. திங்கக்கெழம வந்துடுவேன்."